கடல் ஏறும் நேரத்தில் எண்ணுங்கள்: கரைப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தில் கடலோரப் பறவைக் கணக்கெடுப்பை நடத்தும் அதிகாரிகளுக்கும், அதற்குத் தன்னார்வலர்களை அனுப்பும் கல்லூரி ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

இந்த ஆண்டுக்கான சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்தது. எல்லாக் குழுக்களும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறது. தனியார் உப்பளங்களுக்குள் போகத் தேவையில்லை என்கிறது. படிவத்தில் அச்சிட்ட இனங்களில் ஏதாவது ஒன்றுக்கு நேரே எண்ணை எழுத வேண்டும், ‘அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதினால் அந்த வரி கணக்கில் சேராது என்கிறது. இந்த மூன்றையும் நாங்கள் ஏற்கவில்லை. இப்படி எடுக்கும் கணக்கு, எடுக்காமலே விடுவதைவிடக் கெடுதல். எடுக்காத கணக்கை யாரும் கோப்பில் வைத்து ஆதாரம் காட்ட முடியாது. தப்பாக எடுத்ததைக் காட்டுவார்கள். காட்டியும் விட்டார்கள்: பாக் விரிகுடாவை ஒட்டிய எங்கள் கரையில் வரவிருக்கும் ஒரு திட்டத்தின் அறிக்கை, ‘குறிப்பிடத்தக்க நீர்ப்பறவைக் கூட்டம் இல்லை’ என்று எழுதியதற்கு உங்கள் எண்களையே சான்றாக வைத்திருக்கிறது.

முதலில் நேரத்தைப் பேசுவோம். ஏரிக்குக் காலை 6 மணி சரி. வேடந்தாங்கலில் பறவை விடியலில் கூட்டை விட்டுக் கிளம்பும், பொழுது சாயத் திரும்பும். அங்கே சூரியனைப் பார்த்து நேரம் குறிக்கலாம். சேற்றில் மேயும் கரைப்பறவைகளான உள்ளானும் உப்புக்கொத்தியும் அப்படி வாழ்வதில்லை. நீர் வற்றிச் சேறு வெளியே வந்தால் பகலானாலும் இரவானாலும் மேயப் போகும். நீர் ஏறினால் மேடு தேடி வந்து, தலையை முதுகில் செருகிக்கொண்டு, நெருக்கமாக ஒதுங்கி நிற்கும். அந்த ஒதுங்குமிடத்தில்தான் அவற்றை எண்ண முடியும்.

பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே இங்கே ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதை, பார்க்க வேண்டியதில்லை என்று ஆலோசனைக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. உயரம் குறைவுதான். ஆனால் கரை தட்டை. ஒரு சாண் நீர் இறங்கினாலே பல நூறு மீட்டர் அகலத்துக்குச் சேறு விரிந்துவிடும். அதில் சிதறி மேயும் கொசு உள்ளான் கரையில் நிற்பவரின் இருகண்நோக்கியில் புள்ளியாகக்கூடத் தெரியாது. சேறு அலைந்த வடு, பள்ளம், மீனவர் நட்ட கழி, அதன் நிழல் எல்லாவற்றுக்கும் பின்னால் பறவை இருக்கும். வற்றத்தில் போன குழு நூறு எழுதிக்கொண்டு வரும். அதே இடத்துக்கு ஏற்றத்தில் போகும் குழு ஆயிரக்கணக்கில் எழுதும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘குறைந்தது’, ‘கூடியது’ என்று சொன்னால் அது பொய்.

நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கும் அதை அடுத்து வரும் அஷ்டமிக்கும் ஏழெட்டு நாள் இடைவெளி. அதற்குள் ஏற்றம் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். அதாவது, ஓர் ஆண்டின் ஜனவரி ஞாயிறு அமாவாசையை ஒட்டியும் மறு ஆண்டின் ஞாயிறு அஷ்டமியை ஒட்டியும் விழுந்தால், காலை 6 முதல் 9 என்ற ஒரே நேரத்தில் ஓர் ஆண்டு நீர் நிறைந்திருக்கும், மறு ஆண்டு இறங்கியிருக்கும். சென்ற அறிக்கையில் ‘வலசைப் பறவைகள் வரத்து சரிவு’ என்று தலைப்பிட்டு ஒரு வரைபடம் போட்டிருந்தீர்கள். அந்தச் சரிவில் எவ்வளவு பறவையுடையது, எவ்வளவு நிலவுடையது என்று பிரிக்க உங்களிடம் வழியில்லை, ஏனென்றால் படிவத்தில் நீர்மட்டம் என்ற கட்டமே கிடையாது. வலசைப் பறவைகள் உண்மையிலேயே குறைந்துவருகின்றன என்பதுதான் இதில் கொடுமை. நிஜமான சரிவை நிரூபிக்க வேண்டிய இடத்தில் யாரும் கேள்வி கேட்டுத் தள்ளிவிடக்கூடிய வரைபடம் நிற்கிறது.

ஓத அட்டவணையை மட்டும் பார்த்துப் போனாலும் போதாது. ஜனவரியில் வாடையும் கொண்டலும் அடிக்கும். காற்று கரையை நோக்கித் தள்ளினால் அட்டவணை வற்றம் என்று சொல்லும் நேரத்திலும் நீர் இறங்காது. எதிர்ப்பக்கக் கரையில் ஏற்றம் என்று சொல்லும் நேரத்திலும் நீர் வராது. அஷ்டமி, நவமி நாட்களில் ஓதத்தின் வேறுபாடே மெலிந்திருப்பதால் காற்றுதான் நீரை நடத்தும். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்துச் சதுப்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸ் வெளியிடும் ஓத நேரத்தையும் காற்றின் திசையையும் முதல் நாள் மாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தந்தக் கரையில் நண்டு வலை போடுபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி ஏறும், எந்தத் திட்டு கடைசிவரை முழுகாது என்று அவர் சொல்வதற்கு மேல் துல்லியமான தகவல் எந்தச் செயலியிலும் இல்லை. முழுகாத அந்தத் திட்டுதான் நீங்கள் தேடும் ஒதுங்குமிடம்.

வெளிச்சமும் இதே அளவு முக்கியம். கரை கிழக்கு நோக்கியிருக்கும் தொண்டி போன்ற இடத்தில் காலை 7 மணிக்குக் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேர் எதிரே. பறவை முழுக்கக் கருநிழல். கால் நிறமும் மூக்கின் நிறமும் போய்விடும். கரை தெற்கு நோக்கியிருக்கும் கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கம் காலையில் மேற்கே பார்த்தபடி நகர்ந்தால் ஒளி முதுகில் விழும். மண்டபத்தின் வடகரையில் கணக்கு வேறு. காலை ஒன்பதரைக்கு மேல் சேற்றிலும் உப்புப் பாத்தியிலும் கானல் எழும்பும். அதன் பிறகு 60 மடங்கு பெருக்கம் வைத்தாலும் தெரிவது நெளியும் புள்ளிதான், பெருக்கத்தைக் குறைத்தால்தான் ஓரளவு உருவம் நிற்கும். ஆக, ஒவ்வொரு இடத்துக்கும் நேரமும் நிற்குமிடமும் தனித்தனியாகக் குறிக்கப்பட வேண்டும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மணி என்பது அலுவலக வசதி.

அடுத்தது உப்பளம். ஏற்றத்தின்போது சேற்றைவிட்டு எழும் பறவைகளில் பெரும்பகுதி நேராக உப்பளத்துக்குத்தான் போகிறது. மழை முடிந்து, ஜனவரியில் பாத்திகளைத் தயார் செய்யத் தேங்கிய நீரை இறைப்பார்கள். அந்தச் சில வாரங்களில் கணுக்கால் அளவு நீரும் ஈரச் சேறுமாகப் பாத்தி கிடக்கும். வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான், மணல் உப்புக்கொத்தி, சாம்பல் உப்புக்கொத்தி, மூக்கன்கள், ஆலாக்கள் எல்லாம் அங்கேயே. நீர்த்தேக்கப் பகுதியில் பூநாரையும் கோணமூக்கு உள்ளானும். இதை விட்டுவிட்டு ‘கடலோரப் பறவைக் கணக்கு’ என்று பெயர் வைப்பது, சந்தை நாளில் வீட்டு வாசலில் நின்று ஊர் ஜனத்தை எண்ணியதற்குச் சமம்.

சட்டத்தின் பக்கம் இது இன்னும் மோசம். 2017-இன் ஈரநில விதிகள், உப்பு உற்பத்திக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கின்றன. 2019-இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயிர்ப்புள்ள சேற்றுப் படுகை, அலையாத்தி, கடற்புல், பறவைகள் கூடு வைக்கும் இடம் என்று மிகக் கவனமாகப் பட்டியலிடுகிறது. சைபீரியாவில் கூடு வைத்து இங்கே ஆறு மாதம் தங்கும் பறவையின் ஒதுங்குமிடத்துக்கு அந்தப் பட்டியலில் தனி வரி கிடையாது. எனவே ஓர் உப்பளத்துக்காகப் பேச மிஞ்சியிருப்பது எண்ணிக்கை ஒன்றுதான். ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்படி 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்கும் இடமும், ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 விழுக்காடு வழக்கமாகத் தங்கும் இடமும் பன்னாட்டு முக்கியத்துவம் உடையவை. 2002-இல் கோடியக்கரை ராம்சார் தலமானது. வேதாரண்யத்தின் பெருஞ்சதுப்பும் அந்தத் தலத்துக்குள் வருகிறது. அதற்கு வெளியே, அதே பறவைகள் பறந்து போய்வரும் பாத்திகளுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. அந்த 1 விழுக்காட்டை இனம் இனமாகத்தான் பார்ப்பார்கள். ‘மற்ற உள்ளான்கள் 4,000’ என்று எழுதிய தாள் அங்கே செல்லாக்காசு.

அதனால்தான் அடையாளத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் நடத்திய பயிற்சியில் ஒரு மணி நேரம் படங்கள் காட்டப்பட்டன. செங்கல் நிற வயிற்றோடு வளைமூக்கு உள்ளான், கரிய வயிற்றோடு டன்லின் என்ற உள்ளான், ஆரஞ்சு மார்போடு மணல் உப்புக்கொத்தி. எல்லாமே இனப்பெருக்கக் காலத்துக் கோலம். அந்தக் கோலத்துக்கு அவை மாறத் தொடங்குவது கிளம்புவதற்கு முன், மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். ஜனவரியில் நம் கரையில் நிற்பவை ஏறக்குறைய எல்லாமே சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. பயிற்சி முடித்த மாணவர் மறுநாள் சேற்றுக்குப் போய், படத்தில் பார்த்த ஒன்றுகூட இல்லையே என்று திகைக்கிறார். பிறகு படிவத்தில் ஏதாவது ஒரு வரியில் எண்ணைப் போடுகிறார். குற்றம் அவருடையது இல்லை.

குளிர்காலத்துக் கரைப்பறவையில் நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் நடை. ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி. தலை நிமிராமல் சேற்றைத் தையல் ஊசிபோல் தொடர்ந்து குத்திக்கொண்டே போனால் உள்ளான். அடுத்து, பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு உருவ அளவு. பிறகு மூக்கின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும்; அது நேராக இருக்கிறதா, எந்த இடத்தில் வளைகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கால். கால் நிறத்தை நம்பும்போது ஓர் எச்சரிக்கை: உப்பளச் சேறு ஒட்டிய கால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். கொசு உள்ளானின் கால் கறுப்பு, டெம்மிங்க் உள்ளானின் கால் மஞ்சள் கலந்த பச்சை என்று புத்தகத்தில் படித்துவிட்டு, சேற்றுக்காலைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். பறவை நீரில் நடந்து கால் கழுவும்வரை காத்திருங்கள். கடைசியாக, எழும்பிப் பறக்கும்போது இறக்கையிலும், முதுகு வாலோடு சேரும் வாலடியிலும் தெரியும் வெள்ளை. குரல் தெரிந்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

சென்ற ஆண்டின் தொகுப்பில் டன்லின் பெரிய எண்ணிக்கையில் இருந்தது. தென்னிந்தியக் கரையில் டன்லின் அரிது. அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி வளைமூக்கு உள்ளானாகத்தான் இருக்க முடியும். அதன் மூக்கு நீண்டு, சீராகக் கீழ்நோக்கி வளையும். டன்லினுக்கு நுனிக்கு அருகில் மட்டும் வளைவு. ஆனால் மூக்கு குட்டையான வளைமூக்கு உள்ளானும் உண்டு என்பதால் இது மட்டும் போதாது. பறக்கவிட்டுப் பாருங்கள்: வளைமூக்கு உள்ளானின் வாலடி முழுவெள்ளை, டன்லினுக்கு அதன் நடுவே கருங்கோடு ஓடும். கழுத்தும் காலும் நீண்டு, வயிறுவரை நீரில் நின்று குத்துவது வளைமூக்கு. இந்தக் குழப்பத்தின் விலை என்ன தெரியுமா? 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியல் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் ‘அழிய வாய்ப்புள்ளவை’ என்ற நிலைக்கு ஏற்றியது. உலகமே கவலைப்படும் ஒரு பறவை எங்கள் கரையில் நிறைய நிற்கிறது. உங்கள் தாளில் அது வேறொரு பறவையாகப் பதிவாகிறது.

மணல் உப்புக்கொத்திகள் அடுத்த சிக்கல். சிறியதும் பெரியதும் ஒரே கூட்டத்தில் கலந்து நிற்கும். பெரியதன் மூக்கைக் கண்ணால் அப்படியே பின்னுக்குத் தள்ளி முகத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணைத் தாண்டிப் போகும். சிறியதன் மூக்கு கண்ணின் பின் விளிம்பைத் தாண்டாது, நுனியும் மொட்டையாக இருக்கும். பெரியதன் கால் நீண்டு, பெரும்பாலும் மங்கிய மஞ்சள் பச்சை, சிறியதற்குக் கருஞ்சாம்பல். பறக்கும்போது பெரியதன் விரல்கள் வாலைத் தாண்டித் தெரியும். இவ்வளவையும் பார்க்கப் பறவை சரியாகப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முகத்தைச் சற்று நம் பக்கம் திருப்பினாலே நீண்ட மூக்கும் குட்டையாகிவிடும். போதாதற்கு, ‘சிறிய மணல் உப்புக்கொத்தி’ என்று ஒரே வரியில் எழுதிவந்ததை இப்போது திபெத்தியம், சைபீரியம் என்று இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். உங்கள் படிவம் இன்னும் பழைய ஒற்றை வரியிலேயே நிற்கிறது. நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத்தியம். அதற்காக எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிடவும் கூடாது. ‘மணல் உப்புக்கொத்தி, பிரித்தறியவில்லை’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருக்கும் சிறிய உப்புக்கொத்திக்கு இன்னொரு கதை. அதை எல்லாரும் கென்டிஷ் உப்புக்கொத்தி என்றே எழுதிவந்தோம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுதும் தங்கி முட்டையிடும் பறவை தனி இனம் என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. சேதுவின் இரு கரைகளிலும் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்றே பெயர். கென்டிஷைவிடச் சிறியது. இனப்பெருக்கக் காலத்து ஆணுக்குக் கண்ணின் முன்னால் கென்டிஷ் ஆணுக்குள்ள கரும்பட்டை இராது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கென்டிஷும் வந்து கலக்கக்கூடும் என்பதால் ஜனவரிக் கணக்கில் ‘கென்டிஷ் அல்லது அனுமன்’ என்று எழுதுவதே நேர்மை. இந்தப் பறவை கூடு வைப்பது வெறும் மணலில், சிப்பி ஓட்டுக்கு நடுவே ஒரு சிறு குழியில். கூடு வைக்கும் இடம் என்பதால் மேலே சொன்ன 2019 அறிவிக்கையின் காப்பு இதற்கு நேரடியாகக் கிடைக்கும். ஆனால் ஜனவரியில் மட்டும் எண்ணுகிற முறையில் ஒரு கூடுகூடப் பதிவாகாது. கோடையில் ஒரு சுற்று போயே ஆக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூக்கன்கள் இரண்டும் பறக்கும்போது பிரிந்துவிடும்: கருவால் மூக்கனின் இறக்கையில் அகன்ற வெள்ளைப் பட்டை, பட்டைவால் மூக்கனுக்கு அது கிடையாது, மூக்கும் சற்று மேல்நோக்கி நிமிரும். கோட்டான் என்று இங்கே சொல்வது ஆந்தையை அல்ல, வளைந்த நீள்மூக்குள்ள கரைப்பறவையை: பெரிய கோட்டானின் தலை வெறுமை. சின்னக் கோட்டானின் தலையில் கருங்கோடுகள், பறக்கும்போது ஒரே சுருதியில் ஏழெட்டு முறை அடுக்கிக் கூவும். கடற்காகங்களில் தலைநிறம் ஜனவரியில் உதவாது, பழுப்புத்தலை, கருந்தலை இரண்டுக்கும் வெள்ளைத் தலையும் காதருகே ஒரு கரும்புள்ளியும்தான். முதிர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு வெளிறிய கண், கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு. கருந்தலைக் கடற்காகத்துக்குக் கரிய கண், இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளை ஆப்பு. கொண்டை ஆலாக்களில் மூக்கு ஆரஞ்சாக இருந்தால் சிறியது, மஞ்சளாக இருந்தால் பெரியது. சிற்றாலாவையும் சான்டர்ஸ் ஆலாவையும் குளிர்காலத்தில் கரையில் நின்றபடி பிரிக்க முயல வேண்டாம். இணைத்தே எழுதுங்கள்.

இதையெல்லாம் 8×42 இருகண்நோக்கியால் எவ்வளவு தூரத்துக்குப் பார்க்கலாம்? சிறிய உப்புக்கொத்திக்கு நூறு மீட்டர், நல்ல ஒளியில் இன்னும் கொஞ்சம். அதற்கு அப்பால் முக்காலியில் வைத்த தொலைநோக்கி இல்லாமல் இனம் சொல்லக் கூடாது. சென்ற முறை பல குழுக்களுக்கு ஒரு தொலைநோக்கிகூடத் தரப்படவில்லை. அந்தக் குழுக்கள் கொடுத்த தாளில் இனம் தெரியாத பறவை ஒன்றுகூட இல்லை. தொலைநோக்கி இல்லாமல் எல்லாவற்றையும் அடையாளம் கண்டது எப்படி என்று சரிபார்த்தவர்கள் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

எண்ணும் முறைக்கும் பயிற்சியில் இடமில்லை. கூட்டம் கலந்து நிற்கும்போது இனம் இனமாக எண்ணத் தொடங்கினால், பாதியில் எழும்பிவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. முதலில் மொத்தத்தை எண்ண வேண்டும். ஒரு பத்தைத் துல்லியமாக எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தை மனத்தில் வாங்கி, ஐம்பதாக, நூறாக நகர வேண்டும். பின்னால் நிற்பவை முன்னால் நிற்பவற்றால் மறைபடுவதால், முடிந்தவரை மேட்டில் நின்று பார்க்க வேண்டும். உப்பளத்து வரப்பைவிட உப்புக் குவியலின் பக்கத்து மண்மேடு நல்லது. மொத்தம் முடிந்த பிறகு தொலைநோக்கியைக் கூட்டத்தின் ஐந்து வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் நூறு பறவையை இனம் பிரித்து எண்ணி, அந்த விகிதத்தை மொத்தத்தின் மேல் போட வேண்டும். உதாரணமாக, மொத்தம் 1,200, பிரித்துப் பார்த்த 500-இல் 300 வளைமூக்கு என்றால், கூட்டத்தில் ஏறக்குறைய 720. ஐந்து இடம் என்பதற்குக் காரணம் உண்டு: ஓரத்தில் சிறியவையும் ஆழமான நீரில் நீண்டகாலிகளும் நிற்பதால், ஒரே இடத்தில் எடுத்த விகிதம் கோணலாகும். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எண்ணி, பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் மறுபடி எண்ண வேண்டும். பறக்கும் கூட்டத்தைக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிக்கும். ஒரு படம் எடுத்து வீட்டில் எண்ணினால் தெரியும்.

கூட்டம் எழும்பிப் போனால் நேரமும் திசையும் எழுத வேண்டும். பக்கத்து உப்பளத்தில் நிற்கும் குழு அதையே மறுபடி எண்ணியிருக்கும். எழுப்பிவிடாமல் இருப்பது அதைவிட முக்கியம். மேய்ந்துகொண்டிருந்தவை தலை நிமிர்ந்து அசையாமல் நின்றால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நிற்க வேண்டும், பின்வாங்கினால் இன்னும் நல்லது. ஏற்றத்தில் ஒதுங்கி நிற்பவை அடுத்த வற்றம்வரை கொழுப்பைச் சேமிக்க வேண்டியவை. சென்ற முறை வாகனத்தில் வந்து, ‘பறக்கும் படம்’ வேண்டும் என்று கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பியது தன்னார்வலர் அல்லர், உடன் வந்த அலுவலகத்தார். பெயர் தேவையில்லை. இனி அது நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1980களில் கோடியக்கரையில் கரண்டிமூக்கு உள்ளான் பதிவானது. உலகில் இன்று மிச்சமிருப்பது சில நூறு. கொசு உள்ளானின் அளவு, அதே சாம்பல் கோலம். மூக்கை நேர் எதிரிலிருந்து பார்த்தால் தவிர, ஆயிரம் கொசு உள்ளான்களுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படாது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே வலை கட்டி, பறவைகளைக் கையில் பிடித்து வளையமிட்டுப் பல பத்தாண்டுகள் வேலை செய்ததால்தான் அதெல்லாம் தெரியவந்தது. அப்படிப்பட்ட கரையில், அச்சிட்ட பட்டியலில் இல்லாததை எழுதக் கூடாது என்று விதி வைத்திருக்கிறீர்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

கணக்கெடுப்பு நாளை அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி வையுங்கள். ஞாயிறு கிடைக்காவிட்டால் போகட்டும். ஒவ்வொரு கரைக்கும் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னுமாக நேரத்தைத் தனித்தனியே குறித்து, டிசம்பர் முதல் வாரத்துக்குள் அறிவியுங்கள். மாவட்டத்தின் ஒதுங்குமிடங்கள் அனைத்தையும் மீனவரோடும் உப்பளத் தொழிலாளரோடும் உட்கார்ந்து வரைபடத்தில் குறித்து, எல்லாவற்றையும் ஒரே ஏற்றத்தில் எண்ணுங்கள். உப்பள உரிமையாளர்களிடம் நுழைவு அனுமதியை உங்கள் பெயரில் கடிதம் எழுதி வாங்கித் தாருங்கள். தன்னார்வலர் கேட்டால் கிடைக்காதது ஆட்சியர் அலுவலகக் கடிதத்துக்குக் கிடைக்கும்.

படிவத்தில் நீர்மட்டம், காற்று, ஒளியின் திசை, தூரம், பயன்படுத்திய கருவி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் சேருங்கள். ‘சிறிய உள்ளான், இனம் தெரியவில்லை’, ‘மணல் உப்புக்கொத்தி, பிரித்தறியவில்லை’ போன்ற வரிகளைச் சேர்த்து, அவற்றை மொத்தத்தில் கணக்கிடுங்கள். பட்டியலில் இல்லாத இனத்தை எழுதவும் இடம் விடுங்கள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ இருந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, நிறம், எழுத்து என்று எழுத ஒரு வரி போதும். அரிய இனத்துக்குப் படமோ எழுத்து விவரமோ இல்லாமல் எண்ணை ஏற்காதீர்கள்.

பயிற்சியைக் கூடத்தில் இருந்து கரைக்குக் கொண்டுபோங்கள். டிசம்பரில் இரண்டு நாள், ஒன்று ஏற்றத்தில், ஒன்று வற்றத்தில். குளிர்காலக் கோலத்துப் படங்களை மட்டும் காட்டுங்கள். குழுவுக்கு ஒரு தொலைநோக்கி; வாங்க நிதி இல்லையென்றால் குழுக்களைக் குறைத்து இருப்பதைப் பகிருங்கள். ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள், மணலில் கூடு வைக்கும் உப்புக்கொத்தி, ஆலா இரண்டுக்கும் தனிக் கணக்கு எடுத்து, கூடுள்ள திட்டுகளைக் கடலோர மண்டல வரைபடத்தில் ஏற்றக் கோருங்கள்.

இதுவரை வெளியிட்ட தொகுப்புகளைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அவற்றின் முதல் பக்கத்தில், எந்த ஓதத்தில் எடுத்தது என்று பதிவாகவில்லை, உப்பளங்கள் சேரவில்லை, ஆகவே ஓர் இடத்தில் பறவை இல்லை என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று எழுத்தில் குறிப்பு சேருங்கள். டன்லின் எண்ணிக்கையை மறுபரிசீலனைக்கு எடுங்கள். நாங்கள் மேலே சொன்ன திட்ட அறிக்கையைப் பரிசீலிக்கும் குழுவுக்கும் இந்தக் குறிப்பின் நகலை அடுத்த அமர்வுக்கு முன் அனுப்புங்கள். இது ஒன்றை மட்டும் உடனே செய்ய வேண்டும், மற்றவற்றுக்கு டிசம்பர்வரை அவகாசம் இருக்கிறது.

உங்கள் பதில் எப்படி இருந்தாலும், ஜனவரியில் எங்கள் பக்கத்துக் கரையையும் அதை ஒட்டிய உப்பளங்களையும் ஏற்ற நேரத்தில் எண்ணி, நீர்மட்டத்தோடும் படங்களோடும் உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையோரப் பறவை நோக்கர்கள் சிலர்